ஐ7 வேண்டாம், நம்பர் பேட் வேண்டும்: ஒரு லேப்டாப் தேர்வின் நிகழ்வு ஆய்வு

இதில் வாங்குகிறவர் என் சித்தி. ஐம்பதைத் தாண்டியவர், சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறார், கணக்கு வழக்கு முழுக்க அவர் கையில்தான். கம்ப்யூட்டரில் வேலை செய்யத் தெரியும், கம்ப்யூட்டரைப் பற்றித் தெரியாது. பழைய லேப்டாப் உயிரை வாங்குகிறது, புதிது ஒன்று வாங்கணும், எது நல்லது என்று கேட்டார். அவர் கையில் ஏற்கெனவே மூன்று பரிந்துரைகள் இருந்தன, மூன்றும் மூன்று திசை. கடைசியில் அந்த மூன்றில் எதையும் வாங்கவில்லை.

ஏன் வாங்கவில்லை, வாங்கியது எப்படி இருந்தது, வாங்கி வந்தபிறகு எதெல்லாம் இடித்தது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். போனோ டிவியோ ஹெட்போனோ, எதை வாங்கப் போனாலும் தொழில்நுட்பம் தெரியாதவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்துவிட்டால் சரியாக வாங்கிவிடலாம் என்ற நினைப்பு. அந்த எண்கள் பெரும்பாலும் பொய் இல்லை, ஆனால் நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். நம் வேலை என்ன என்பது நமக்குத்தான் தெரியும், அதைப் பெட்டி சொல்லாது. தேர்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. இந்த விஷயத்தில் அது எப்படிப் போனது என்று பார்க்கலாம்.

பழைய லேப்டாப்பின் முன்னால்

"எதுக்காக வாங்கப் போறீங்க" என்று கேட்டால் யாரும் உருப்படியாகப் பதில் சொல்வதில்லை. "சும்மா, சாதாரண யூஸ்தான்" என்பார்கள். சித்தியும் அதையேதான் சொன்னார். அதனால் கேட்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க சித்தி, நான் ஒண்ணும் பேசல" என்றேன்.

ஆன் பட்டனை அழுத்திவிட்டு எழுந்து போய்விட்டார். அது பழக்கமாகவே ஆகிவிட்டதாம், போய் வேறு ஏதாவது ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தால்தான் திரை தயாராக இருக்கும். வந்து உட்கார்ந்து பில்லிங் மென்பொருளைத் திறந்தார். பிறகு பிரவுசர், அதில் வாட்ஸ்அப், மெயில், வங்கித் தளம், துணி தருகிறவரின் விலைப்பட்டியல் என்று வரிசையாக டேப்கள். அப்புறம் எக்செல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம் திரை வெளுத்துப்போய் நின்றது, அவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

எக்செல்லில் அவருடைய கணக்குத் தாளில் தேதி, பெயர், உருப்படி, கூலி, முன்பணம் என்று நெடுவரிசைகள் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் "பாக்கி". அந்தப் பாக்கி மட்டும் திரைக்கு வெளியே விழுந்திருந்தது. ஒவ்வொரு வரியை முடித்ததும் வலப்பக்கம் இழுத்துப் பாக்கியைப் பார்ப்பார், மறுபடி இடப்பக்கம் இழுத்து அடுத்த பெயரை அடிப்பார். இதைப் பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

எண் அடிக்கும்போது மட்டும் ஆளே வேறு. கண் பில் புத்தகத்தில் இருக்கும், வலது கை கீபோர்டின் வலது ஓரத்து நம்பர் பேடில் பறக்கும், குனிந்து பார்ப்பதே கிடையாது.

இதில் எதையெல்லாம் அவர் குறையாகச் சொன்னார் என்று பார்த்தால், "ஸ்லோ" என்றார், "எழுத்து பொடியா இருக்கு" என்றார், அவ்வளவுதான். பாக்கி நெடுவரிசையை இழுத்து இழுத்துப் பார்ப்பது அவருக்குக் குறையாகவே படவில்லை, கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டார். நம்பர் பேடைப் பற்றிப் பேச்சே இல்லை, கையில் இருக்கிற ஒன்றை யார் கேட்பார்கள்? பேட்டரி செத்து வெகுநாள் ஆகிறது, லேப்டாப் மேசையை விட்டு நகர்வதே இல்லை என்பதையும் அவர் சொல்லவில்லை. சார்ஜர் ஒயர் மேசைக்காலில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் கேட்டேன்.

நடுவில் ஒரு சந்தேகம் கேட்டார். "ரேமும் ஜிபி, ஸ்டோரேஜும் ஜிபி. ரெண்டும் ஒண்ணா?" நான் வாயைத் திறக்கும் முன்பே அவரே, "கட்டிங் டேபிளும் பீரோவும் மாதிரியா?" என்றார். அதேதான். மேசை சின்னதாக இருந்தால் விரித்த துணியை மடித்து பீரோவில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததை விரிக்க முடியும், பீரோ எவ்வளவு பெரிது என்பது அங்கே உதவாது. அவருடைய லேப்டாப்பில் ரேம் 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 1 டிபி, அதாவது 1,000 ஜிபி. அந்த டிஸ்க்கும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் பழைய ரகம். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கைத்தான் தற்காலிக ரேமாகப் பயன்படுத்திக்கொள்ளும், அந்த டிஸ்க்கே மெதுவானது என்றால் திரை வெளுத்து நிற்பதில் ஆச்சரியம் இல்லை. வாங்கும்போது "1 டிபி" என்று பெருமையாகச் சொல்லி விற்றிருக்கிறார்கள். அதில் அவர் நிரப்பியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வாங்காமல் சமாளிக்க முடியுமா

இதை முதலில் பார்த்தே ஆகவேண்டும், விற்கிறவர் யாரும் இதைச் சொல்ல மாட்டார். பழைய லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்றால், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு எஸ்எஸ்டியைப் போட்டு, ரேமையும் ஒரு படி கூட்டினால், பாதிப் பேருக்குப் புதிது வாங்கும் தேவையே இருக்காது. சுழலும் தட்டிலிருந்து சில்லுக்கு மாறுவது அவ்வளவு பெரிய தாவல். சித்திக்கும் அதைத்தான் செய்திருப்பேன்.

இடித்தது வேறு இடத்தில். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. தனிநபர்கள் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்க ஒரு ஏற்பாடு வந்தது, ஆனால் அது தள்ளிப்போடுவதுதான். விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் இன்டெல் என்றால், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ கேட்கிறது. இவருடையது 6-ஆம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றிவிடலாம்தான், ஆனால் வங்கித் தளத்தைத் தினமும் திறக்கிற ஒருவரின் கம்ப்யூட்டரில் அதைச் செய்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்க முடியாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடலாம் என்றால் பில்லிங் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். போதாக்குறைக்குத் திரையைத் தாங்கும் கீல் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. சரி, புதிதுதான்.

மேசையை விட்டு நகராத பொருளுக்கு லேப்டாப் எதற்கு, டெஸ்க்டாப்பே போதுமே என்றும் கேட்டேன். பேட்டரி நன்றாக இருந்த காலத்தில் இரவில் உள்ளறைக்கு எடுத்துப்போய் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்ததாகவும், அது மறுபடி வேண்டும் என்றும் சொன்னார். நியாயமான காரணம், அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

மூன்று பரிந்துரைகள்

முதலாவது ஒரு குடும்ப நண்பர் சொன்னது. "ஐ7 வாங்குங்க, செகண்ட் ஹேண்டில் புது ஐ3 விலைக்கே கிடைக்கும்." கேட்பதற்கு லாபமாகத்தான் இருக்கிறது. ஐ3, ஐ5, ஐ7 என்பவை இன்டெல் பிராசசர்களின் வரிசைப் பெயர்கள், 3-ஐவிட 7 பெரிது, யாருக்கும் தெரியும். ஆனால் அவர் காட்டிய லேப்டாப்பின் முழு எண்ணைப் படித்தால் ஐ7-7500யூ. கோடுக்குப் பிறகு முதலில் வருகிற எண்தான் தலைமுறை, இங்கே 7. அது 2016-இல் வந்தது, அதில் இருப்பது 2 கோர், அதாவது சில்லுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி இரண்டு. 2022-இல் வந்த ஐ3-1215யூ-வை எடுத்துக்கொண்டால் கோடுக்குப் பிறகு 12, அதாவது 12-ஆம் தலைமுறை, அதில் 6 கோர், அவற்றில் 2 வேகமானவை, 4 மின்சாரம் மிச்சம் பிடிப்பவை. பெயரில் சின்னதாக இருக்கும் ஐ3 அந்தப் பெரிய ஐ7-ஐத் தாராளமாக முந்திவிடும். அதைவிட முக்கியம், 7500யூ விண்டோஸ் 11-க்கான பட்டியலிலேயே இல்லை. பழையதைத் தூக்கிப் போடுவதற்கு எது காரணமோ அதே காரணத்தைக் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்ததாக ஆகியிருக்கும்.

இங்கே ஒரு புலம்பல். இந்தப் பெயர் வைக்கும் முறை வாங்குகிறவருக்கு உதவுவதற்காக இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்டெல் 2023 இறுதியில் "ஐ" எழுத்தையே விட்டுவிட்டு "கோர் அல்ட்ரா" என்று தொடங்கியது, அதனால் மேலே சொன்ன கணக்கு புதியவற்றுக்கு அப்படியே பொருந்தாது. இன்னொரு பிராசசர் நிறுவனமான ஏஎம்டி பக்கம் போனால் ரைசன் 5 7520யூ என்றும் ரைசன் 5 7530யூ என்றும் இரண்டு இருக்கின்றன. பத்து எண் வித்தியாசம்தானே என்று தோன்றும், ஆனால் முன்னதன் உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, பின்னதில் அதற்கு அடுத்த ஜென் 3. மனப்பாடம் செய்து தீராது. செய்யக்கூடியது ஒன்றுதான்: பிராசசரின் பெயரைப் பாதியில் நிறுத்தாமல் கடைசி எழுத்து வரை குறித்துக்கொண்டு, அந்தச் சில்லைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் தேடி, எந்த வருடம் வந்தது, எத்தனை கோர் என்ற இரண்டை மட்டும் பார்ப்பது. முழு எண்ணைச் சொல்லாமல் "ஐ5 லேப்டாப்" என்று மட்டும் விளம்பரம் போட்டிருந்தால் அதைத் தாண்டிப் போய்விடலாம்.

இரண்டாவது பரிந்துரை கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பியிடமிருந்து வந்தது, கேமிங் லேப்டாப். தனி கிராஃபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸ் திரை, 16 ஜிபி ரேம். "இதை வாங்கிட்டா பல வருஷம் கவலையே இல்லை" என்பது அவன் வாதம். அந்த லேப்டாப்பில் எந்தக் குறையும் இல்லை, சித்தியிடம்தான் அதற்கு வேலை இல்லை. கொடுக்கிற பணத்தில் பெரும் பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகிறது, எக்செல் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காது. மாறாக எடை கூடும், சார்ஜர் ஒரு செங்கல் கனம் இருக்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், பாரம் ஏறினால் விசிறி இரைச்சல் போடும். வீட்டுக்குள் எடுத்துப்போய் மகளோடு நிம்மதியாகப் பேச வேண்டும் என்கிறவருக்கு அந்த இரைச்சல் ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல.

மூன்றாவது ஆன்லைனில் அவரே கண்டுபிடித்தது, மற்ற இரண்டிலும் பாதி விலைகூட இல்லை. செலரான் என்4020 பிராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஈஎம்எம்சி. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வதே 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ். அதாவது இந்த லேப்டாப் தேர்வில் பாஸ் மார்க்கை மட்டும் சரியாக எடுத்திருக்கிறது. விண்டோஸும் பில்லிங் மென்பொருளும் ஏறியதும் பெரிய அப்டேட் வரும்போது இடம் இல்லை என்று முரண்டு பிடிக்கும். ஈஎம்எம்சி என்பது எஸ்எஸ்டியைவிட மெதுவான, போர்டிலேயே பற்றவைத்த ஸ்டோரேஜ், பிற்பாடு மாற்ற முடியாது. ரேமும் அப்படியே. மூன்றில் இதை மட்டும் நான் கடுமையாகவே வேண்டாம் என்றேன். மற்ற இரண்டில் எதை வாங்கினாலும் பணம் வீண், இதை வாங்கினால் இன்று இருக்கும் அதே காத்திருப்பும் சேர்ந்து வரும்.

பட்டியல்

ஒரு தாளில் இரண்டாகப் பிரித்து எழுதினோம். வேண்டும் என்ற பக்கத்தில் நம்பர் பேட், பாக்கி வரை ஒரே பார்வையில் தெரிகிற திரை (1920×1080 புள்ளிகள், பழையது 1366×768), 8 ஜிபி ரேம், அதோடு பிறகு ரேமைக் கூட்டுவதற்குக் காலியாக ஒரு ஸ்லாட், எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. வேண்டாம் என்ற பக்கம் இதைவிட நீளம்: தனி கிராஃபிக்ஸ், டச் ஸ்கிரீன், கைரேகை, மெல்லிய உடம்பு, ஏஐ பட்டன், 4கே, பெரிய ஸ்டோரேஜ். பணத்தை மிச்சம் பிடித்தது இந்த இரண்டாவது பக்கம்தான். விலை ஏறுவதெல்லாம் பெரும்பாலும் அங்கே உள்ளவற்றுக்காகத்தான்.

நம்பர் பேட் என்றதுமே 15.6 அங்குலம் என்று ஆகிவிடுகிறது, 14 அங்குல லேப்டாப்களில் பொதுவாக அதற்கு இடம் இருப்பதில்லை. யூஎஸ்பியில் சொருகும் தனி நம்பர் பேட் கிடைக்கும், அதுவும் ஒரு வழிதான். ஆனால் பெரிய திரை எப்படியும் தேவை என்பதால் இரண்டும் ஒரே முடிவில் முடிந்தது.

கடையில்

கடைகளில் வரிசையாகத் திறந்து வைத்திருக்கும் லேப்டாப்கள் எல்லாவற்றிலும் கடலும் கிளியும் பூவும் ஓடிக்கொண்டிருக்கும், பிரைட்னஸ் முழுதாக ஏற்றியிருக்கும். எந்தத் திரையும் அதில் அழகாகத்தான் தெரியும். சித்தி தன் கணக்குத் தாளை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதைத் திறக்கச் சொன்னதும் விற்பனைப் பையனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, வெளி பென் டிரைவ் போடக் கூடாதாம். சரி, வெறும் எக்செல்லையாவது திற என்று சொல்லி, நின்றபடியே எண்களை அடிக்கத் தொடங்கினார்.

வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. வண்ணப் படத்தில் ஒளிந்துகொண்டது எல்லாம் அதில் வெளியே வந்துவிட்டது. ஒரு லேப்டாப்பில் திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்ததும் வெளுத்துப்போனது, அது டிஎன் பேனல். பக்கத்தில் இருந்த ஐபிஎஸ் பேனலில் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் எழுத்து அப்படியே நின்றது. இதற்குப் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை, சாய்த்துப் பார்த்தால் போதும்.

நம்பர் பேட் விஷயத்தில்தான் எதிர்பாராதது நடந்தது. இரண்டு மாடல்கள் கடைசிவரை வந்தன. ஒன்று ஐ5, இன்னொன்று ஐ3-1215யூ, விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐ5-இல் வேகமாக அடித்துக்கொண்டிருந்தவர் நின்றார், மறுபடி அடித்தார், மறுபடி நின்றார். நான் குனிந்து பார்த்தேன். வழக்கமான நம்பர் பேடில் சைபர் இரண்டு கட்டம் அகலமாக இருக்கும், கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடம் அது. இந்த மாடலில் இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக சைபரை ஒரே கட்டமாகச் சுருக்கி, இடப்பக்கம் வலது அம்புக்குறியை நுழைத்திருந்தார்கள். அவர் 500 அடிக்கப் போக, 5 விழுகிறது, கர்சர் பக்கத்துக் கட்டத்துக்கு ஓடுகிறது. மேலே வரிசையாக உள்ள மற்ற எண்களும் ஒரு நூல் ஒடுக்கம்.

"மேடம், இது ஐ5 மேடம். அது வெறும் ஐ3."

"ஐ5 சைபர் அடிக்குமா தம்பி?"

அத்தோடு அந்த மாடல் முடிந்தது. இப்படி ஒரு குறையை நான் படித்த எந்த விமர்சனத்திலும் பார்த்ததில்லை, அவற்றை எழுதுகிறவர்கள் நாள் முழுக்க கூலிக் கணக்கு அடிக்கிறவர்கள் இல்லையே. தொழில்நுட்பம் தெரிந்த நான் மட்டும் தனியாகப் போயிருந்தால் எண்களை ஒப்பிட்டு ஐ5-ஐத்தான் கையில் கொடுத்திருப்பேன், அவரும் வாங்கிக்கொண்டு, சைபர் அடிக்கும்போதெல்லாம் தடுமாறி, தனக்குத்தான் வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

மிச்சம் இருந்த ஐ3-ஐப் பற்றி இரண்டு மூன்று கேள்விகள் நான் கேட்டேன். ரேம் ஸ்லாட்டில் இருக்கிறதா, பற்றவைத்ததா? ஒன்று பற்றவைத்தது, ஒரு ஸ்லாட் காலி, நல்லது. "ஆபீஸ் ஃப்ரீ" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே, அது ஒரே தடவை வாங்கியதாக ஆயுள் முழுக்க வருமா, இல்லை சில நாள் சோதனைக்குத் தந்துவிட்டுப் பிறகு சந்தா கேட்குமா? இந்த மாடலில் முதல் வகை. ஸ்டிக்கரைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பேட்டரியைப் பற்றிப் பையன் "பத்து மணி நேரம் வரைக்கும்" என்றான். அந்த "வரைக்கும்" என்ற சொல்தான் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. பிரைட்னஸைக் குறைத்து வைத்து ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டி எடுக்கிற கணக்கு அது. அதற்குப் பதிலாக பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று சொல்லும் வாட் மணி எண்ணைப் பார்க்கலாம், இதில் 42. பிரவுசரும் எக்செல்லுமாக ஓடும்போது லேப்டாப் சராசரியாக 7 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 42-ஐ 7-ஆல் வகுத்து 6 மணி நேரம். வீடியோ காலில் இன்னும் குறையும். சித்திக்கு இரவில் ஒரு மணி நேரம் வந்தால் போதும் என்பதால் நகர்ந்தோம்.

பில் போடும் இடத்தில் கூடுதல் வாரன்டி, ஆன்டிவைரஸ், பை, கீபோர்டு கவர் என்று ஒரு சுற்று வந்தது. ஆன்டிவைரஸ் வேண்டாம், விண்டோஸில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இந்தப் பயன்பாட்டுக்கு அது போதும். கூடுதல் வாரன்டியின் தாளை வாங்கிப் படித்ததில், கீழே விழுந்தாலோ தண்ணீர் பட்டாலோ கிடையாது, பேட்டரிக்கு முதல் வருடத்துக்குப் பிறகு கிடையாது. லேப்டாப்புக்கு நேரக்கூடிய பொதுவான விபத்துகள் இவைதாம், எனவே அதுவும் வேண்டாம். பை ஓசியில் வந்தது.

வாங்கி வந்த பிறகு

முதல் போன் அன்று மாலையே வந்தது. "512 ஜிபின்னு சொன்னாங்க, இதுல 476-ன்னு காட்டுது. ஏமாத்திட்டாங்களா?" ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள், விண்டோஸ் அதை 1,024-இன் மடங்குகளில் எண்ணுகிறது, அதாவது சுமார் 107 கோடி. 512-ஐ அந்தக் கணக்கில் மாற்றினால் 476 சொச்சம்தான் வரும், இடம் எங்கேயும் போகவில்லை. எந்தப் பெட்டியிலும் இதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

அடுத்தது இதைவிடச் சுவாரசியம். லேப்டாப்பின் பக்கவாட்டில் ஒரு யூஎஸ்பி-சி துளை இருந்தது, போன் சார்ஜரும் யூஎஸ்பி-சி, சொருகினால் சார்ஜ் ஏறவில்லை. துளை கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். கெடவில்லை, அந்தத் துளை தரவுக்கு மட்டும்தான், இந்த விலையில் வரும் பல லேப்டாப்களில் அப்படித்தான். யூஎஸ்பி-சி என்பது 2014-இல் வந்த ஒரு வடிவத்தின் பெயர், அவ்வளவே. அந்த வடிவத்துக்குள் மின்சாரம் எவ்வளவு, தரவு வேகம் எவ்வளவு, திரைக்குப் படம் போகுமா என்பதெல்லாம் தனித்தனி. ஒரு சாதாரண கேபிள் 60 வாட் வரை தாங்கும், அதற்கு மேல் போக கேபிளுக்குள்ளேயே ஒரு அடையாளச் சில்லு வேண்டும், 2021-இல் வந்த விதிப்படி உச்சம் 240 வாட். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன்கள் போன்ற சின்னக் கருவிகளுக்கு இந்தத் துளையைக் கட்டாயமாக்கியது, லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 முதல். அதனால் ஆளுக்கொரு சார்ஜர் என்ற தொல்லை குறைகிறது, எந்த கேபிள் எதைச் செய்யும் என்ற குழப்பம் அப்படியேதான் இருக்கிறது.

குழப்பத்தின் இன்னொரு முகம், போட்டோ மாற்றியது. போனில் இருந்த டிசைன் படங்கள் 40 ஜிபி போல இருக்கும், லேப்டாப்புக்கு மாற்றினால் நகரவே மாட்டேன் என்கிறது, புது லேப்டாப்பும் ஸ்லோ என்று புகார். லேப்டாப் மேல் தப்பில்லை. போனோடு வந்த கேபிள் சார்ஜ் செய்வதற்கென்று தந்தது, உள்ளே யூஎஸ்பி 2.0 வயரிங்தான், அதன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். எட்டால் வகுத்தால் 60 மெகாபைட், நடைமுறையில் அதில் பாதியைத் தாண்டினால் பெரிய விஷயம். 40 ஜிபிக்கு இருபது நிமிடமாவது ஆகும், ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் படங்கள் என்றால் இன்னும் இழுக்கும். வேகமான கேபிள் வாங்கலாமா என்று கேட்டார், ஆனால் போனின் துளையும் யூஎஸ்பி 2.0 என்றால் எந்த கேபிளும் உதவாது, இவர் போன் அந்த வகை. ஒரே தடவை செய்கிற வேலைதானே, இரவில் சொருகிவிட்டுப் படுங்கள் என்றேன்.

பெரும்பாலும் பிளக்கிலேயே இருக்கும் என்பதால் பேட்டரி 80 சதவீதத்தில் நிற்கும்படி செட்டிங்கில் மாற்றி வைத்தோம். லித்தியம் அயன் பேட்டரியை எப்போதும் முழுதாக நிரப்பி வைத்திருந்தால் சீக்கிரம் முதுமை அடையும். பழைய லேப்டாப்பின் பேட்டரி செத்ததில் அதற்கும் பங்கு இருந்திருக்கும். ரேமுக்கு அந்தக் காலி ஸ்லாட்டைச் சில மாதம் கழித்துப் பயன்படுத்தினோம், டேப்கள் பெருகிவிட்டன.

பவர் பேங்க்

இதில் நான் ஒன்றும் செய்யவில்லை. கண்காட்சிக்கு ஸ்டால் போடப் போகும்போது நாள் முழுக்க போனில் பணம் வாங்குவதால் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது என்று பவர் பேங்க் வாங்கப் போயிருக்கிறார். 30,000 எம்ஏஎச் வரை காட்டியிருக்கிறார்கள். அவர் கேட்டது, "என் போனை ஒரு தடவை முழுசா ஏத்தினா போதும், எது வேணும்?"

பெட்டியில் பெரிதாகப் போடும் எம்ஏஎச் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் எடுத்த கணக்கு, வெளியே வருவதோ 5 வோல்ட். 20,000 என்று போட்டிருந்தால் 74 வாட் மணி, 5 வோல்ட்டில் 14,800, மாற்றும்போது ஆகும் இழப்பும் போனால் சுமார் 12,500. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இந்தக் குறைந்த எண்ணும் இருக்கும். போன் பேட்டரியின் எம்ஏஎச்சும் 3.7 வோல்ட்டை ஒட்டிய கணக்குதான், அதனால் 5,000 எம்ஏஎச் போனை அது நான்கு தடவை ஏற்றாது, சுமார் மூன்று தடவைதான். விமானத்தில் 100 வாட் மணிக்கு மேல் என்றால் நிறுவனத்தின் அனுமதி தேவை, அதுவும் கைப்பையில்தான் வர வேண்டும் என்பதால், 27,000-க்கு மேல் உள்ளவை பயணத்துக்கு ஒத்து வராது. இதையெல்லாம் பிற்பாடுதான் அவருக்குச் சொன்னேன். அதற்குள் அவர் 10,000-ஐ வாங்கி முடித்திருந்தார், கைப்பையில் போட்டால் கனக்காமல் இருந்தது அதுதான் என்று. 37 வாட் மணி, அவர் போனுக்கு ஒன்றரைத் தடவை வரும். அதைவிடச் சரியாக நானும் வாங்கியிருக்க முடியாது.

இன்னும் தீராமல் இருப்பது வெப்கேம். 720பி, இரவு விளக்கில் முகம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, மகள் புகார் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வீடியோ காலுக்காகத்தான் லேப்டாப்பே வேண்டும் என்றவர் பட்டியலில் கேமராவை எழுதவே இல்லை, பழையதில் அது இதைவிட மோசமாக இருந்ததால் கடையிலும் உறுத்தவில்லை. தனி வெப்கேம் வாங்கித் தருகிறேன் என்றால், "என் முகம் தெளிவாத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, அவ முகம் நல்லாத் தெரியுது" என்று விட்டுவிட்டார்.